பொறுமை என்னும் ஒற்றைச் சொல்: குடிநோயாளியின் மனைவியும் நம் எழுத்துகளும்

நம் இதழ்களில் வெளிவரும் சிறுகதைகளைத் தொடர்ந்து படித்து வரும் வாசகர் ஒரு கதையைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். கணவன் குடிக்கிறான். மனைவி அழுகிறாள், செபமாலை சொல்கிறாள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் சாராயமாகிறது. தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகிறது. தவக்காலத் தியானத்திற்கு வந்த குருவானவரின் மறையுரை அவன் நெஞ்சைத் தைக்கிறது. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில், பல ஆண்டுகளுக்குப் பின், அவன் நற்கருணை வாங்குகிறான். பீடத்தின் மெழுகுதிரி ஒளியில் அவள் முகம் மலர்கிறது. கதை முடிகிறது.

இக்கதையை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. மனந்திரும்பியவர்கள் உண்டு, அவர்களைக் கண்ணால் கண்டும் இருக்கிறோம். நாம் கேட்பது ஒரு திறனாய்வாளனின் எளிய கேள்விதான்: சனவரி மாதத்தில் என்ன நடந்தது? டிசம்பர் 24 ஆம் நாள் இரவோடு கதையை முடித்துக்கொள்ளும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு. அந்த மனைவிக்கு அந்த உரிமை இல்லை. அவள் 25 ஆம் நாளும் எழுந்து உலை வைக்கவேண்டும்.

இதை ஒரு கலைக்குறையாக மட்டும் கருதி விட்டுவிட முடியவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் சிற்றூர்களில், முந்திரிக்காட்டிற்கும் கல்லுடைக்கும் களத்திற்கும் போய்த் திரும்பி, ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் திண்ணையில் இந்த இதழைப் புரட்டும் பெண்களில் பலர் இந்தக் கதையைப் படிப்பவர்கள் மட்டும் அல்லர், அதில் வாழ்பவர்கள். கதைத்தலைவியின் செபம் கேட்கப்பட்டது, தன் செபம் கேட்கப்படவில்லை என்றால், அவள் என்ன முடிவுக்கு வருவாள்? தன் விசுவாசத்தில்தான் ஏதோ ஓட்டை என்ற முடிவுக்கே வருவாள். ஏற்கெனவே கணவனின் குடிக்குத் தானே காரணம் என்று மாமியாரும் அக்கம்பக்கமும் சொல்லிக் கேட்டுப் பழகியவள் அவள். நம் கதையும் அந்தக் குரலோடு சேர்ந்துகொள்கிறது.

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் மூலமாதிரி ஒன்று உண்டு. புனித மோனிக்கா. ஆகஸ்டு 27 ஆம் நாள் அவர் திருநாளில் குடிகாரக் கணவரைப் பொறுத்து வென்ற மனைவியாகவே அவர் நமக்குக் காட்டப்படுகிறார். ஆனால் அவரைப் பற்றி நாம் அறிந்த செய்திகளில் பெரும்பகுதி அவருடைய மகன் புனித அகுஸ்தினார் கி.பி. 397 ஐ ஒட்டி எழுதத் தொடங்கிய தன்வரலாற்று நூலிலிருந்து வருவது. அதன் ஒன்பதாம் புத்தகத்தை நிதானமாகப் படிப்பவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. தந்தை பத்ரீசியுவை அகுஸ்தினார் குடிகாரர் என்று சொல்லவில்லை. நல்ல மனமும் கடுஞ்சினமும் ஒருங்கே உடையவர், மனைவிக்கு உண்மையாய் இராதவர் என்றே சொல்கிறார். அந்தப் பக்கங்களில் மதுவின் பிடியில் சிக்கியவராக வருபவர் மோனிக்காவே! பெற்றோர் சிறுமியான அவரை மிடாவிலிருந்து திராட்சை இரசம் மொண்டுவர அனுப்புகிறார்கள். உதட்டு நுனியால் சுவைத்துப் பார்க்கத் தொடங்கியவர், நாளடைவில் ஏறக்குறைய நிறைந்த கிண்ணங்களையே பருகும் நிலைக்கு வந்துவிடுகிறார். உடன் இருந்த அடிமைப்பெண் ஒரு சண்டையில் அவரைக் குடிகாரி என்று குத்திக்காட்ட, அந்தச் சொல் சுட்டுவிட, அன்றோடு அதை விட்டுவிடுகிறார்.

மறையுரைகளில் இந்தச் செய்தியை நாம் அதிகம் கேட்டதில்லை. சொன்னால் புனிதையின் பெருமை குறையும் என்ற அச்சமோ என்னவோ. நம் பார்வையில் அவர் பெருமை கூடவே செய்கிறது. மதுவின் பிடி எப்படி ஒரு துளியிலிருந்து தொடங்குகிறது என்பதை உள்ளிருந்தே அறிந்தவர் அவர்.

அதே புத்தகத்தில் நம்மைத் தயங்க வைக்கும் இடம் ஒன்றும் உண்டு. கணவர் கைபட்டு முகம் வீங்கிய அண்டைவீட்டுப் பெண்கள் தம் கணவரைக் குறைகூறும்போது, மோனிக்கா அவர்களுடைய நாவைக் குறைகூறுகிறார். திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாளிலேயே தாங்கள் அடிமைகளாகிவிட்டதை நினைவில் கொள்ளும்படி சொல்கிறார். அகுஸ்தினார் இதைப் பாராட்டியே எழுதுகிறார். அது நான்காம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்க உரோமைக் குடும்பத்தின் சட்டம், நற்செய்தியின் சட்டமன்று. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மோனிக்காவை மட்டும் எடுத்து வந்து நம் ஊர்ப் பெண்ணின் முன் நிறுத்துவது, மருந்துச் சீட்டில் பாதியைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது போன்றது. அவர் செய்த மற்றொன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்: கணவர் சினத்தில் இருக்கும்போது பேசாமல், சினம் தணிந்தபின் தன் பக்க நியாயத்தைச் சொல்லியிருக்கிறார். சொல்லாமலே இருந்துவிடவில்லை.

திருவிவிலியத்திலோ குடிவெறியனின் மனைவி ஒருத்தி பெயரோடும் முகத்தோடும் நிற்கிறார். சாமுவேல் முதல் நூலின் 25 ஆம் அதிகாரத்து அபிகாயில். கணவன் நாபால் பெருஞ்செல்வன், முரடன். தாவீதின் ஆள்களை இழிவாகப் பேசி அனுப்பிவிடுகிறான். நானூறு பேர் வாளோடு புறப்பட்டு வருகிறார்கள். செய்தி கேட்ட அபிகாயில் அழுதுகொண்டு உட்காரவில்லை. இருநூறு அப்பங்களும் திராட்சை இரசத் தோற்பைகள் இரண்டும் சமைத்த ஆடுகள் ஐந்தும் வறுத்த தானியமும் உலர்ந்த பழங்களும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு, கணவனிடம் சொல்லாமலே போய்த் தாவீதைத் தடுக்கிறார். கணவன் மூடன் என்பதை மறைக்கவும் இல்லை. வீடு திரும்பினால் நாபால் விருந்துவைத்துக் குடிமயக்கத்தில் கிடக்கிறான். அன்றிரவு அவர் அவனிடம் ஒன்றும் பேசுவதில்லை. பொழுது விடிந்து போதை தெளிந்தபின்தான் நடந்ததைச் சொல்கிறார். குடிநோயாளியோடு வாழும் எந்தப் பெண்ணும் அந்தக் காலைப்பொழுதை அறிவாள். குடும்பத்தின் உயிரைக் காக்கத் தானே முடிவெடுத்த இந்தப் பெண்ணைப் பற்றி நம் கதைகள் ஏன் பேசுவதில்லை என்பது ஆராயத்தக்கது. ஒருவேளை அக்கதையில் நாபால் மனந்திரும்பாததுதான் காரணமோ?

சமய எல்லைக்கு வெளியே வந்தால், குடிகாரன் மனைவியின் கதையைத் தமிழில் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் ராஜாஜி. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். அதற்கு முன்பே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழை நடத்தியவர். அவருடைய ‘திக்கற்ற பார்வதி’ 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில், லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடிக்கத் திரைப்படமாகித் தேசிய விருதும் பெற்றது. 1971இல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டதை எதிர்த்த ராஜாஜி அடுத்த ஆண்டின் இறுதியில் மறைந்துவிட்டார். படத்தைப் பார்க்க அவர் இல்லை. இணக்கமாக வாழ்ந்த இளம் தம்பதி, பிறகு குடி, குடியால் கடன், கடனால் மானக்கேடு, முடிவில் நீதிமன்றம். கதை ஒரு வழக்கறிஞரின் கையால் கட்டப்பட்டது என்பது தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைப் பிணைக்கிறது. தப்பிக்க வழியே இல்லை. அதுதான் அதன் வலிமை, அதுவே அதன் குறையும். ராஜாஜியின் வாதம் அரசை நோக்கியது: கடையைத் திறந்தால் இதுதான் நடக்கும் என்பது. அந்த வாதத்திற்குப் பார்வதி ஒரு சாட்சி. சாட்சிக்குத் திக்கு இருந்துவிட்டால் வழக்கு பலவீனப்பட்டுவிடும். ஆகவே அவள் திக்கற்றவளாகவே இருக்கவேண்டியதாயிற்று.

வாதம் இன்றும் செல்லாததாகிவிடவில்லை. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 2023-24 நிதியாண்டில் அதன்வழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

நம் பொருளுக்கு மிக அருகில் வரும் நூல் 1994இல் வெளிவந்த பாமாவின் ‘சங்கதி’. கத்தோலிக்கத் தலித் பெண்களின் வாழ்வை அவர்களின் பேச்சுமொழியிலேயே சொல்லும் இந்நூலை நம்மவர்கள் சிலர் இன்றும் முகம் சுளித்தே கையில் எடுக்கிறார்கள். கொச்சைமொழி என்பது முதல் குற்றச்சாட்டு. வீட்டு அழுக்கைத் தெருவில் அலசுவது என்பது இரண்டாவது. இரண்டும் நமக்குக் குற்றமாகப் படவில்லை. வேறெங்கு அலசுவது?

மாரியம்மாவின் கதையை எடுத்துக்கொள்வோம். தவறேதும் செய்யாத பெண்மேல் பழி விழுகிறது. பஞ்சாயத்தில் அவள் சொல் எடுபடவில்லை. முடிவில் குடியும் சூதாட்டமுமாய்த் திரியும் மாணிக்கத்திற்கே வாழ்க்கைப்படுகிறாள். அவள் படும் அடிக்குத் தொடக்கம் கணவனின் சாராயத்தில் இல்லை. ஊர்க்கூட்டத்தின் வாயில் இருக்கிறது. ராஜாஜி கடையில் கண்ட தொடக்கத்தைப் பாமா ஊரில் காண்கிறார். பகலெல்லாம் நிலக்காரரிடம் கூனிக்குறுகி நிற்கும் ஆண், மாலையில் தன் ஆண்மையை நிலைநாட்டக் கிடைக்கும் ஒரே இடம் மனைவியின் முதுகு என்பதையும் அவர் தயங்காமல் சொல்லிவிடுகிறார்.

இராக்கம்மாவின் பகுதிதான் நம்மவர்களை மிகவும் துன்புறுத்தியது. கணவன் அடிக்க வரும்போது அவள் வீட்டுக்குள் முடங்காமல் தெருவுக்கு வந்து, காது கூசும் வசைகளைக் கொட்டி, முடிவில் சேலையையே தூக்கிக் காட்டுகிறாள். அவன் வெட்கி அகன்றுபோகிறான். இதைப் படித்து அருவருப்பது எளிது. அடிபட்டுச் சாகாமல் இருக்க அவள் கையில் வேறு எதை விட்டுவைத்தோம் என்று கதைசொல்லும் பெண் எண்ணிப் பார்க்கிறாள். மோனிக்காவின் மௌனமும் இராக்கம்மாவின் கூச்சலும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது. உயிர் பிழைப்பதற்கு அவரவர் ஊரும் காலமும் விட்டுவைத்த வழிகள் அவை.

அந்நூலின் ஆழமான இடம் பேய் பிடிப்பதைப் பற்றிய பகுதி. பேய் ஏன் பெண்களையே பிடிக்கிறது, அதிலும் ஏன் ஒடுக்கப்பட்ட குடிப் பெண்களையே தேடி வருகிறது என்று அந்தச் சிறுபெண் வளர்ந்தபின் கேட்டுப் பார்க்கிறாள். காட்டிலும் வீட்டிலும் ஓயாத வேலை, இரவில் கணவனின் வன்முறை, மனத்தில் உள்ளதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமை, இவையெல்லாம் சேர்ந்து முறியும் மனத்திற்கே ஊரார் பேய் என்று பெயர் வைக்கிறார்கள் என்ற முடிவுக்கு வருகிறாள். மனநோய் என்ற சொல் புழங்காத ஊரில் மனநோயைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த தமிழ்ப் பக்கங்களுள் இவற்றையும் சேர்ப்போம். நம் திருத்தலங்களில் வெள்ளிக்கிழமைதோறும் தலைவிரி கோலமாய் ஆடும் பெண்களைப் பார்த்துச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு விலகிப் போகிறவர்கள் இப்பக்கங்களை ஒருமுறை படிக்கவேண்டும்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ‘சங்கதி’யில் குடிக்கும் ஆணின் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை. அவன் அடிப்பவன், அவ்வளவே. அது அந்நூலின் வேலையும் அன்று. ஆனால் மனைவிக்குத் தெரிய வேண்டிய செய்தி ஒன்று அங்கேதான் இருக்கிறது. நெடுநாள் குடித்தவர் சிலருக்கு மனைவியின் கற்பைப் பற்றிய பொய்யான உறுதி ஒன்று மூளையில் குடியேறுகிறது. பால்காரர், தபால்காரர், சொந்தத் தம்பி, யாரும் தப்புவதில்லை. மருத்துவர்கள் இதற்கு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ பெயரையே வைத்திருக்கிறார்கள். சத்தியம் செய்தும் சாட்சி சொல்லியும் அதைக் கலைக்க முடியாது; அது வாதத்தால் வந்ததன்று, நோயால் வந்தது. சிலருக்குக் குடியை நிறுத்திய பின்னும் அது நீடிக்கும். சிலருக்கு மனச்சோர்வோ மனச்சிதைவோ முன்பே இருந்து, அதன் வேதனையைத் தணிக்கவே குடி வந்திருக்கும். குடி ஒன்றுதான் நோய் என்று எண்ணிப் பத்தாண்டுகள் போராடிய மனைவி, குடி நின்ற வீட்டில் மற்றொரு நோய் உட்கார்ந்திருப்பதைக் கண்டு திகைக்கிறாள். அந்தத் திகைப்பை எழுதிய கதை எதுவும் நம் இதழ்களில் நம் கண்ணில் படவில்லை.

மீண்டும் அந்தக் கிறிஸ்துமஸ் கதைக்கு வருவோம். நாள்தோறும் அளவின்றிக் குடித்தவன் 24 ஆம் நாள் இரவு சட்டென்று நிறுத்திவிட்டான். மருத்துவம் என்ன சொல்கிறது? சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். சிகிச்சையின்றி விட்டால் உயிருக்கே ஆபத்து. அதாவது மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று நம் கதாநாயகன் சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கத்திக்கொண்டிருக்கக் கூடும். வீட்டார் மந்திரிக்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். கதையாசிரியர் அவனை நற்கருணைக்கு அனுப்பினார், நல்லது. மருத்துவமனைக்கும் அனுப்பியிருக்கலாம். குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுத்து மீட்டெடுத்ததாக எழுதப்படும் கதைகளும் இவ்வாறே தீங்கானவை. டைசல்ஃபிராம் என்னும் மாத்திரையை உட்கொண்டவர் அதை அறியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அவர் அறிந்து, ஒப்பி, மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டிய மருந்து அது.

எழுத்து வாழ்வை மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டமே விடை சொல்லும். 1991இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தந்த ஊக்கத்தில், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கு வந்து கண்டு எழுதிய கட்டுரையால் உலகமே அதை அறிந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் பேருந்துக்கும் ஆண் துணைக்கும் காத்திராமல் போய்வரக் கற்றார்கள். குடிகாரன் மனைவிக்குச் சைக்கிள் என்றால் என்ன என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தப் பாட்டின் எடை தெரியும்: நள்ளிரவில் அம்மா வீட்டுக்குப் போகும் வழி அது. அடுத்த ஆண்டு ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டவில், எழுத்தறிவுப் பாடநூலில் இருந்த சீதம்மா என்ற பெண்ணின் கதையைப் படித்த பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது பரவி 1993 அக்டோபரில் அம்மாநிலத்தில் சாராயமே தடைசெய்யப்பட்டது. அந்தப் பாடநூல் கதைக்கு இலக்கியத் தகுதி ஏதும் இராது. ஆனால் அதைப் படித்தவள் தன்னைத் தனியள் என்று எண்ணவில்லை. நம் கதையைப் படித்தவள் முன்னிலும் தனியளாகிறாள்.

சைக்கிளுக்குப் பாட்டு வந்தது. சாராயத்துக்கு எதிராகப் பாட்டு வந்தது. கணவனின் மனநோய்க்கு ஒரு பாட்டும் வரவில்லை. கூட்டமாய்க் கூடி ஒரு கடையை மூடலாம். இரவில் கதவுத் தாழ்ப்பாளைப் பத்துமுறை சோதிக்கும் ஒருவனைக் கூட்டம் கூடி என்ன செய்ய?

அதற்கும் சிலர் வழி கண்டிருக்கிறார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோய்க்குத் தம் கணவரைப் பறிகொடுத்தபின், 1980இல் அவர் பெயராலேயே குடிநோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டுமன்றி மனைவிக்கும் தனியே ஆலோசனை உண்டு. அவளும் அந்நோயால் தாக்கப்பட்டவள் என்பதே அதன் கருத்து. அமெரிக்காவில் 1951இல் லோயிஸ் வில்சன் என்னும் பெண்மணி, குடியிலிருந்து மீண்ட தம் கணவர் தொடங்கியிருந்த தோழமைக் குழுவை அடியொற்றி, குடும்பத்தாருக்கென்று அல்-அனான் குழுக்களை உருவாக்கினார். கணவனின் குடிக்கு நீ காரணம் அல்லள், அதை அடக்கவும் உன்னால் ஆகாது, குணமாக்கவும் உன்னால் ஆகாது என்பது அங்கே முதலில் சொல்லித்தரப்படும் பாடம். முதல்முறை கேட்பவளுக்கு இது கைவிடுவது போல் ஒலிக்கும். நம் கதைகள் அவள் தோளில் ஏற்றிவைத்த சுமையை எண்ணிப் பார்த்தால், இதுதான் விடுதலையின் செய்தி என்று புரியும்.

திருச்சபையும் இதில் நம் கதாசிரியர்களைவிட முன்னே நிற்கிறது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1153 ஆம் எண், தன் துணைக்கோ பிள்ளைகளுக்கோ உள்ளத்திலோ உடலிலோ பெரும் ஆபத்தை விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ மற்றவருக்குத் தகுந்த காரணம் உண்டு என்கிறது. திருமணக் கட்டு அதனால் அறுவதில்லை. அடிபட்டுச் சாகவேண்டும் என்ற கடமையும் இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலின் 241 ஆம் பத்தியில், நலிந்த துணையையும் பிள்ளைகளையும் வன்முறையிலிருந்து காக்கப் பிரிவது சிலவேளை ஒழுக்கநெறிப்படி தேவையாகவே ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். பிரிந்து போய்த் தாய்வீட்டில் இருந்துகொண்டு, கணவனுக்காகச் செபித்துக்கொண்டும் இருக்கும் ஒரு பெண்ணைக் கதைத்தலைவியாக்க நம் எழுத்தாளர்களுக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஊரில் அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரும் கேள்வி கேட்குமுன் போய்விடுகிறார்கள்.

அகுஸ்தினாரின் நூலைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அந்நூல் முழுவதும் தாயைப் பற்றிப் பேசும் மகன், அவர் பெயரை ஒரே ஓர் இடத்தில்தான் குறிப்பிடுகிறார். ஒன்பதாம் புத்தகத்தின் முடிவில், தாய் இறந்தபின், நூலைப் படிப்பவர்கள் பீடத்தின் முன் தம் பெற்றோரை நினைவுகூருமாறு வேண்டும் இடம் அது. அங்கேதான் மோனிக்கா என்ற பெயர் வருகிறது. பத்ரீசியுவின் பெயரும் அங்கே அதனருகில் வருகிறது. அதுவரை அவர் ‘என் தாய்’ மட்டுமே. நம் கிறிஸ்துமஸ் கதைகளில் இதற்காக ஒரு பத்துப்பன்னிரண்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். கணவனுக்கு எல்லாக் கதையிலும் பெயர் இருந்தது. மூன்று கதைகளில் மனைவிக்குப் பெயரே வைக்கவில்லை.